பேர் ஒட்டாத டப்பா

சிவகாசி அச்சகமொன்றில் நான் டிசைனராக இருந்த முதல் தீபாவளி சீசன். பழகிய கஸ்டமர் பெயரில் வந்த மெயிலில், 'பட்டாசு லேபிள்' என்று நான் பார்த்தேயிராத வகை ஃபைல் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் திறக்கப் போனேன். சீசனின் அத்தனை லேபிள்களும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

பட்டாசு ஆலையிலிருந்து வேலை மாறி வந்த என் வயதுக்காரன் மாரி தடுத்தான். "ஏலே, பேரு ஒட்டாத வெடிமருந்து டப்பாவ ஆலையில நாங்க தொறக்க மாட்டோம். அனுப்புனவரக் கேளு."

போன் செய்தேன். "நான் எதையும் அனுப்பலையே தம்பி" என்றார் கஸ்டமர். அந்த மெயிலை அழித்துவிட்டேன்.

விஷயம் கேள்விப்பட்டு, விவரமான பையன் என்று முதலாளி என்னைப் பாராட்டினார். மாரி பெயரை நான் சொல்லவில்லை. "படிச்சவுக படிச்சவுகதான்" என்று அவன் சிரித்தான்.

இன்று நான் வேலை பார்க்கும் சென்னையில், தெரியாத ஃபைலைத் திறக்காததற்கு யாராவது அப்படிப் பாராட்டினால், இது மாரி சொன்னது என்கிறேன். அவன் காதுக்குத்தான் அது எட்டுவதில்லை.