எர்மரோஸின் சாய்கட்டில்

ரோமில் பெரிய மனிதர்கள் சாய்கட்டிலில் படுத்துக்கொண்டுதான் விருந்து சாப்பிடுவார்கள். இடது முழங்கையைத் தலையணையில் ஊன்றி, வலது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். எர்மரோஸுக்கு அது அத்துப்படி. வீபியஸ் வீட்டு அடிமையாக, அந்தச் சாய்கட்டில்களுக்குப் பின்னால் நின்றே அவன் இளமை போயிற்று. வயிறு கூப்பாடு போட்டாலும் முகத்தில் காட்டாமல் விருந்தாளிகளின் கைக்குத் தண்ணீர் ஊற்றுவான்.

எஜமான் அவனை விடுதலை செய்தார். சமையல்கட்டு அடிமை தல்லூசாவை விடவில்லை. அவள் வைக்கிற மீன்சாறு இல்லாமல் எஜமானியம்மாளுக்குத் தொண்டையில் எதுவும் இறங்காதாம். ஊரில் வேறு யாருக்கும் சமைக்கத் தெரியாதா என்ன? அடிமைக்குக் கல்யாணம் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. ஆனாலும் எர்மரோஸுக்கு அவள்தான் பெண்டாட்டி. இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. அவன் பரிமாறி ஓயும்போது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது அவன் தெருவில் சூடாகக் கொண்டைக்கடலை விற்கிறான். மாடி அறையில் ஒரு பழைய சாய்கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறான். அவளைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு, பின்னால் யாரும் நிற்காமல், ஒரு வேளை சாப்பிட வேண்டும். அந்த ஏக்கத்தில்தான் அவன் நாள் ஓடியது.

டிசம்பரில் சாட்டர்னாலியா வந்தது. எஜமான்களே அடிமைகளுக்குப் பரிமாறுகிற விழா. விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி தல்லூசாவையும் வெளியே விட்டார்கள். எர்மரோஸ் கீழ்க்கடையில் பன்றி இறைச்சி சாசேஜும் ரொட்டியும் தேன் பலகாரமும் வாங்கினான்.

"என்ன எர்மரோஸு, பெரிய வீட்டு ஆளாட்டம் படுத்துக்கிட்டுத் திங்கப் போறியாக்கும்?" என்றாள் கடைக்காரி ஃபோர்த்தூனா. "பாத்துய்யா, பொறை ஏறிடப் போகுது!"

"ஏறட்டுமே. தலையில தட்ட என் பொண்டாட்டி இருக்கா."

தல்லூசா படியேறி வந்து மூச்சு வாங்கினாள்.

"இன்னைக்கு எஜமான் கையால பரிமாறினாராமே?" என்றான்.

"ஆமா, பரிமாறினாரு. விடிய விடிய சமைச்சது யாருன்னு நினைக்கிற? நானு! ஒரு வாய் கூட இறங்கல, உன்கூடத் திங்கலாம்னு ஓடியாந்தேன்."

"அப்ப சாஞ்சுக்க புள்ள. இன்னைக்கு நீதான் வீட்டுக்காரம்மா."

வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே சாய்ந்தாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் தூங்கிப்போனாள். பாவம், படுக்கை என்றால் அவள் உடம்புக்குத் தூக்கம் ஒன்றுதான் தெரியும்.

எழுப்பலாம் என்று கை நீட்டினான். மனம் வரவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தான். பசித்தது, தனியாகத் தின்னப் பிடிக்கவில்லை. சாசேஜ் ஆறிக் கொழுப்பு உறைந்தது.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியதும் எழுப்ப வேண்டியதாயிற்று. எழுந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூறு கெட்டவனே, எழுப்புறதுக்கென்ன? வருஷத்துக்கு ஒரு நாள்யா!"

"நல்லாத் தூங்கின புள்ள."

"தூங்கினேனாம்! எடு அந்தத் துணிய."

எல்லாவற்றையும் துணியில் கொட்டிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். தெருவில் நடந்துகொண்டே தின்றார்கள். ஆறிப்போன சாசேஜை அவள் கடித்துக் கொடுத்தாள், அவன் கடித்துக் கொடுத்தான். குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்த கூட்டம் இடித்ததில் பாதி ரொட்டி சேற்றில் விழுந்தது. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வீபியஸ் வீடு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது அவனுக்கு.

வாசல் வந்துவிட்டது. "ஏ தல்லூசா, அம்மா ரெண்டு தடவ கேட்டாச்சு!" என்று வாயில்காவலன் கத்தினான். தேன் பலகாரம் ஒன்று மிச்சம் இருந்தது. அவள் அதை இரண்டாகப் பிட்டு, ஒன்றைத் தன் வாயிலும் மற்றொன்றை அவன் வாயிலும் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது. போகாதே என்று சொல்லத்தான் நினைத்தான். வாய் நிறைய இனிப்பு இருந்தது.