டைல்ஸுக்கு அடியில் இருந்த தரை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காப்பி மூட்டை தூக்கினேன். அதே எஸ்டேட் பங்களாவைப் பின்னால் விலைக்கு வாங்கினேன். சேர்வராயன் மலையில் இப்படி இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் வெள்ளைக்கார துரை கட்டிய பங்களா அது. அதன் சிவப்புக் காவித் தரையை, அங்கே வேலைக்காரியாக இருந்த என் அம்மா தினமும் முட்டி போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்ப்பாள். நான் பின்வாசலைத் தாண்டக் கூடாது. வாங்கியதும் முதல் வேலையாக வெள்ளை டைல்ஸ் போட்டேன். இனி எந்தப் பெண்ணும் இங்கே முட்டி போடக் கூடாது. பழைய தரையைக் கொத்திவிட்டால்தான் டைல்ஸ் நன்றாகப் பிடிக்கும் என்றார் கொத்தனார். அம்மா தேய்த்த தரையில் உளி படக் கூடாது, மணலைப் பரப்பி அதன் மேல் போடு என்றேன்.

அப்புறம்தான் முட்டாள்தனம் செய்தேன். பங்களாவை மகன் பெயருக்கு எழுதி வைத்தேன். இப்போது அதை இடித்துவிட்டு காட்டேஜ் கட்டப் போகிறானாம், நான் உயிரோடு இருக்கும்போதே! பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் சேர்ந்துவிட்டால் இடிக்க முடியாது என்றார்கள். மனுப் போட்டேன்.

பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். துரை குளிர்காய்ந்த கணப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். தரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“ஏனுங்க, இந்த டைல்ஸ யாருங்க போட்டது? ஊட்டோட மதிப்பே போச்சுங்களே.”

“நாந்தானுங்க போட்டேன்.”

கூடவே வந்து நின்ற மகன் சிரித்தான். “உங்க மனுவ நீங்களே கெடுத்துக்கிட்டீங்களேப்பா.”

மண்டை கொதித்தது. கடப்பாரையைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் ஒரு டைல்ஸைப் பெயர்த்தேன். மணலைக் கையால் தள்ளினேன், தோள் துண்டால் துடைத்தேன். தரை சிவப்பாக மின்னியது. ஒரு கீறல் இல்லை.

அதிகாரி முட்டி போட்டுக் குனிந்தார். “நொம்ப நல்லா இருக்குதுங்க. துரை காலத்துத் தரைன்னு எழுதிக்கறேனுங்க.”

“துரையா தேச்சான்? எங்கம்மா தேச்சதுங்க. அதையும் எழுதுங்க.”

“ஃபாரத்துல அதுக்குக் கட்டமில்லீங்களே.”

“ஓரத்துல எழுதுங்க. எழுதாம நீங்க கெளம்ப முடியாது.”

எழுதினார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் விட்டேன்.

முடிவு இன்னும் வரவில்லை. தினமும் பத்து டைல்ஸ் பெயர்க்கிறேன். இடிக்க வருகிறவன் அம்மாவின் தரையைக் கண்ணால் பார்த்துவிட்டு இடிக்கட்டும்.