வளைவிலேயே விழித்த எஞ்சின்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திய அவளை ஊரில் எல்லோரும் பிரேக்கு டீச்சர் என்றே அழைத்தார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாளெல்லாம் "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திய தொண்டை அது. ஆனால் அவள் உயிர் மலையேறும் கார்ப் பந்தயத்தில்தான் இருந்தது. ஓட்டுவது அவள்; எஞ்சின் கட்டுவது மெக்கானிக்கான அவள் கொழுந்தன்.

போன வருடம் அவன் கிடைத்ததிலேயே பெரிய டர்போவை மாட்டினான். எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வலுவைக் கூட்டும் உறுப்பு அது. நேர்ச் சாலையில் வண்டி பறந்தது. மலையிலோ, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வேகம் குறைய, டர்போ தூங்கிப்போனது. அது விழித்துச் சீறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கடைசிக்கு முந்தின இடம். அது அவளுக்கு நன்றாகவே உறைத்தது.

இந்த வருடம் எஞ்சினைப் பிரித்ததும், பழைய டர்போவில் பாதி அளவுகூட இல்லாத ஒன்றைப் பட்டறை மேசையில் வைத்தாள். கொழுந்தனின் முகம் சுருங்கியது.

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா அண்ணி? மொத்த பவரே குறைஞ்சிடும்."

"குறையட்டும். வளைவ விட்டு வெளிய வரும்போது, மிதிச்ச உடனே இழுத்தா போதும் எனக்கு."

அன்று அவன் சாப்பிடக்கூட வரவில்லை. இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அவள் கணவன் இரண்டு பக்கமும் இடிபடும் மத்தளமாகி, கடைசியில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான்.

மறுநாள் கொழுந்தன், போன பந்தயத்தில் வண்டிக்குள் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் வேகம் காட்டும் முள் தொபுக்கென்று விழுந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைத் தானே கழற்றினான்.

"சின்ன டர்போன்னா இந்த கேம் ஷாஃப்டும் ஒத்து வராது அண்ணி. எஞ்சின் அலறும்போதுதான் இது நல்லா மூச்சு விடும். கம்பெனி போட்டதையே திரும்பப் போடுறேன்."

அதற்குப்பின் சண்டையே இல்லை. புது இழுப்பைத் தாங்கும் கிளட்ச், ஏற்றத்தில் சூடேறாதிருக்கப் பெரிய ரேடியேட்டர் என்று ஒன்றுக்கொன்று பொருந்துவதாகப் பார்த்துப் பார்த்து இருவரும் சேர்த்தார்கள்.

பந்தயத்தன்று முதல் வளைவில் அவள் வேகத்தைக் குறைத்து, திருப்பி, மிதித்தாள். கட்டவிழ்த்த கன்றுபோல் கார் துள்ளிப் பாய்ந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. தலைக்கவசத்துக்குள் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டே மலையேறினாள்.

முதலிடம். ஒலிபெருக்கியில் கேட்டதும் அடிவாரத்தில் நின்ற கணவன் தம்பியைக் கட்டிக்கொண்டு தூக்கிச் சுற்றினான்.

அவள் இறங்கி வந்தபோது போட்டியாளர்கள் காரை மொய்த்தார்கள். கொழுந்தன் பானெட்டைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்தி விளக்கினான்.

"பெரிய டர்போ மலைக்கு ஆகாதுன்னு நாங்க ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டோம்."

நாங்களாமே, அதுவும் ஆரம்பத்திலேயே! அவள் அவனைப் பார்த்தாள். அவனோ வேறு பக்கம் பார்த்தான்.