தைலம்மாளின் குரோமோசோம் யார் வீட்டுச் சொத்து

ரத்தப் புற்றுநோய் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னபோதுகூட தைலம்மாளின் வீட்டு ஆண்கள் இவ்வளவு கலங்கவில்லை. அடுத்து டாக்டரம்மா சொன்னதுதான் ஆட்டி வைத்தது.

"மருந்து ஆரம்பிச்சாச்சு. மஜ்ஜையை எடுத்து குரோமோசோம் பார்க்க அனுப்பியிருக்கோம். அதுல என்ன கோளாறுன்னு தெரிஞ்சாத்தான் பிழைக்கிற வாய்ப்பைச் சொல்ல முடியும்."

சங்கராபுரத்துப் பக்கம் இரண்டு கறவை மாடுகளையும் ஒரு கணவனையும் ஒரே அதட்டலில் மேய்த்து வந்தவள் தைலம்மாள். ஈறில் ரத்தம் கசிந்தபோது பற்பொடியைத்தான் மாற்றிப் பார்த்தாள். இப்போது கட்டிலில் கிடந்து, பிழைப்போமா மாட்டோமா என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரோமோசோம் வம்சத்தில் வருவது என்று பக்கத்துக் கட்டில்காரியின் மருமகன் ஓதிவிட்டுப் போயிருந்தான். கணவன் பாவாடைக்கு அது போதும்.

"எங்க வூட்டு ஆளுங்களுக்குத் தலவலிகூட வந்ததில்ல, மச்சான். இது உங்க வம்சம்."

தைலம்மாளின் தம்பி அரங்கநாதன் விடுவானா? "எங்க வூட்ல இருந்தவரைக்கும் அக்கா நல்லாத்தான் இருந்துச்சு, மாமா. உங்க வூட்டுக்கு வந்துதான் எல்லாம் மாறிப்போச்சு."

"வூடு மாறினா குரோமோசோம் மாறுமாடா?"

"இருவது வருசம் உங்கம்மா பேச்சக் கேட்டுக்கினு இருந்தா எதுதான் மாறாது?"

"நான் இன்னும் உசுரோடதான் இருக்கறேன்" என்றாள் தைலம்மாள். "செத்தப்புறம் பங்கு பிரிச்சிக்கங்க."

குரோமோசோம் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"பதினஞ்சாவது குரோமோசோமும் பதினேழாவதும் துண்டு மாத்திக்கிட்டிருக்கு. இந்த நோயில சில கோளாறு மோசமான சேதி. இது நல்ல சேதி. இதுக்குன்னே மருந்து இருக்கு. முதல் மாசம் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. அதைத் தாண்டிட்டா பெரும்பாலானவங்க குணமாயிடறாங்க."

அரங்கநாதன் மீசையைத் தடவினான். "எங்கப்பா வழி அப்பிடி. கெட்டியான ரத்தம்."

"இன்னாது? எங்க வூட்டுக்கு வந்துதான் மாறிச்சுன்னு நீதானடா சொன்ன!"

"யார் வீட்டுதும் இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "பிறக்கும்போதே வந்ததில்லை. அவங்க மஜ்ஜையில நடுவுல தானா வந்தது. பிள்ளைங்களுக்கும் போகாது."

தைலம்மாள் தலையணையில் சற்று நிமிர்ந்தாள். "அப்ப இது எனக்கே எனக்கு. ரெண்டு பேரும் வெளிய போங்க."

அந்த முதல் மாதம் லேசாகப் போகவில்லை. காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்து இரண்டு முறை பயமுறுத்திவிட்டுத்தான் போயின. மறுபடி மஜ்ஜை பார்த்து, கெட்ட அணுக்கள் தென்படவில்லை, மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொன்ன அன்று, பாவாடை வெளியே போய் மூக்கைச் சிந்தினான். அரங்கநாதன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். சர்க்கரை கம்மி என்று அதற்கும் ஒரு சண்டை. வார்டு ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த தைலம்மாள், நர்சம்மாவிடம் தனக்கும் ஒரு டீ கேட்டாள். ஜாஸ்தி சர்க்கரை போட்டு.