ஆறு கெண்டை போதும், நைனா

"கடலு எதுர்லயே கீது. நீ இஸ்கோல்ல கண்ணாடித் தொட்டி வெச்சி மீனு வளக்கப்போறியா? எத்தினி நாளு உசுரோட கீதுன்னு பாக்கலாம்மே!"

போன மாதம் இப்படிச் சொன்னவர் என் நைனா. திருவொற்றியூர்க் குப்பத்தில் கட்டுமரத்தில் போகிறவர். நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் மிதித்தவள். இன்று ராயபுரத்துப் பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினி. (இந்தப் பத்தியில் இதைச் சொல்லாமல் ஒரு வாரமாவது எழுதியிருக்கிறேனா?)

நைனாவுக்கு வாய்தான் அப்படி. அந்த ஞாயிறே மீஞ்சூர்ப் பக்கத்து ஏரியில் இறங்கி, வாளி நிறையக் கெண்டைக் குஞ்சுகளோடு வந்து நின்றார். நாற்பது!

"ஆறு போதும், நைனா."

"ஆறா? ஆறு மீனோட எவனாச்சும் கரையேறுவானா? குப்பமே சிரிக்கும்."

மீன்காரர் வீட்டுப் பெண்ணான எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அத்தனையையும் தொட்டியில் விட்டேன். கூடவே வேலம்பாசி என்ற நீர்ச்செடி இரண்டே கொத்து.

மூன்றாம் நாள் காலை... மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நாலு செத்து மிதந்தன. தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் தொட்டியை எடுத்துவிடுங்கள். பெண்களுக்குப் புத்தகம் போதும்."

போதுமா? வெயில் பட்டால் பாசி பிராணவாயு விடும், அது மீனுக்கு மூச்சு. மீனின் கழிவு பாசிக்கு எரு — நாலாவது பாரம் படிக்கையில் இதை நெட்டுருப் போட்டவள்தானே நான்?

இரண்டு கொத்துப் பாசி நாற்பது மீனுக்கு எப்படி மூச்சு கொடுக்கும்? ஆறை வைத்துக்கொண்டு மீதியை ஏரியிலேயே விட்டுவிடலாம் என்று நைனாவிடம் சொன்னேன். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவது எங்கள் குப்பத்தில் கேள்விப்படாத சங்கதி.

"கொயம்பு வெச்சிக்கலாமே?"

"நைனா!"

"செரி, செரி... கத்தாதே."

சனிக்கிழமை ரயிலில் வாளியைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் சுற்றுமுற்றும் பார்த்தார். "எவனாச்சும் பாத்தா மானம் பூடும்மே" என்றபடி முப்பது மீனையும் தண்ணீரில் சாய்த்தார். பிறகு, நான் கேட்காமலேயே மார்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கை கொள்ளாமல் வேலம்பாசி பறித்து வந்தார்.

திங்கட்கிழமை, பச்சைக்கு நடுவே ஆறு கெண்டைகள். இலைகளில் முத்து முத்தாகக் குமிழிகள். தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

எனக்குப் பாடம் சொன்னவர்களுக்கெல்லாம் இங்கே நன்றி எழுதியிருக்கிறேன். மகள் படித்த பாடத்தை நம்பி, வாழ்நாள் வழக்கத்தை ஏரியில் கொட்டியவருக்கு இன்றுதான் எழுதுகிறேன். தாமதம்தான்.

மாணவிகளை ஏரிக்கு அழைத்துப்போக நேற்று மனுக் கொடுத்துவிட்டேன். பாசியையும் மீனையும் காட்டி விளக்குபவர் என்று நைனா பெயரை எழுதியிருக்கிறேன் — அவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை!