சுறாவின் பிரசவத்தைச் சொன்ன மாலை

"கடலையே பாக்காத பிள்ள சுறாவப் பத்திப் பேசப் போவுதா? நல்லா இருக்குலா கத!"

எங்கள் தோட்டத்துக் கணக்கரான கிராணி இதை என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே என் அம்மாவிடம் சொன்னார். அம்மா ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல படிச்சிருக்குங்கய்யா," என்றார்.

கிராணி சொன்னதில் பொய் இல்லை. திகாம் பத்துவுக்கு உள்ளே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து கடல் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசின் அவசரகாலம் வந்து, லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு, வாசலில் சோதனை முடிந்து வேலைக்குப் போவதும் இருட்டுமுன் கம்பிக்குள் திரும்புவதுமே எங்கள் பயணம்.

அரசாங்கப் படவண்டி எங்களுக்குப் புதிதல்ல. காட்டில் இருப்பவர்கள் சரணடைய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, கம்பிக்குள் இருக்கும் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். அன்று வண்டியோடு பினாங்கிலிருந்து ஒரு சீனப் பெண்மணி வந்திருந்தார். கடல் உயிர்களை ஆராய்பவர். படகிலிருந்தும், கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராவை வைத்துத் தண்ணீருக்குள் இறங்கியும், தானே எடுத்த படத்தை ஊர் ஊராகக் காட்டி விளக்குவார். படத்தில் குரல் கிடையாது. ஆங்கிலத்திலும் மலாயிலும் அவரே பேசிவிடுவார். தமிழில் பேச ஆள் தேடியபோது, சுங்கை பட்டாணியில் நான் படித்த பள்ளியில் என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் எழுத்துக் கூட்டி வாசித்தவள் நான். அன்று ஒழுங்காகப் பேசினால் மற்றத் தோட்டங்களுக்கும் என்னையே அழைத்துப் போவதாக அந்த அம்மையார் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அடுத்த வாரம் நான் புல்வெட்டும் கும்பலில் நிற்க வேண்டும். கிராணி அதற்கு ஏற்பாடு செய்துவிட்டிருந்தார்.

சனங்கள் பாயோடு வந்தார்கள். துணிக்கு முன்னால் இடம் நிறைந்ததும் மிச்சப் பேர் துணிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்தும் படம் தெரியும், இடம் வலமாக மாறி. ஜெனரேட்டர் இரைந்தது. நான் மைக்கைப் பிடித்தேன். "சுறா என்பது குருத்தெலும்பு மீன் இனத்தைச் சார்ந்தது" என்று தொடங்கினேன்.

"பாப்பா, பரீட்ச வைக்கப் போறியா?" என்று யாரோ கத்தினார்கள். திடல் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் வெற்றிலைப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. கிராணி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது துணியில் கடல் வந்தது.

அதுவரை நான் பார்த்த தண்ணீர் எல்லாம் கலங்கிய தண்ணீர். இது ஒளி இறங்கும் தண்ணீர். அதற்குள்ளிருந்து ஒரு சுறா, அவசரமே இல்லாமல், எங்களை நோக்கி வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். அது துணி நிறைய வந்து, ஒரு கண்ணால் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இத்தனை அழகான ஒன்று நாங்கள் அறியாமலே இத்தனை பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்ததா என்று வாய் பிளந்து நின்றேன்.

அடுத்த காட்சி படகில். வலையில் அகப்பட்ட ஒரு சுறா, தண்ணீர்த் தொட்டியில் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. "என்ன சுறா இது?" என்று அம்மையாரிடம் கேட்டேன். அவர் சொன்ன பெயரைக் கேட்டதும் எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டேன்.

"அக்காமாரே, இது பால் சுறா. பிள்ள பெத்தவங்களுக்குப் பால் ஊற சுறாப்புட்டு அவிச்சுக் குடுக்குறீங்களே, அதேதான். இப்ப அதுக்கே பிரசவம்."

பேச்சு அடங்கியது. பின்னால் இருந்தவர்கள்கூட எழுந்து முன்னால் வந்தார்கள். லயத்தில் பிரசவம் பார்க்கும் அக்கா பாயிலிருந்து எழுந்தார்.

"ஏண்டி, மீனு முட்டதானே போடும்?"

"இது குட்டிதான்க்கா போடும். தொப்புள்கொடியும் உண்டு."

"அடியாத்தி! தல மொதல்ல வருதா, காலு மொதல்லயா?"

நான் அம்மையாரிடம் கேட்டுச் சொன்னேன். "பெரும்பாலும் வாலுதான்க்கா."

"அத்தனையும் கால் பொறப்பா! எங்கையில குடுத்தா திருப்பிவிட்டிருப்பேன்."

"கடிச்சிரும்க்கா," என்றார் ஒருவர். "பெத்தவ எவதான் கடிக்கல," என்றார் பிரசவம் பார்க்கும் அக்கா. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"பால் குடுக்குமா?" என்று என் அம்மா கேட்டார். கூட்டத்தில் அவர் குரல் எழும்பி நான் கேட்டதே இல்லை.

"குடுக்காதும்மா. பொறந்த உடனே குட்டி தானே நீந்திப் போயிரும்."

துணியில் அம்மையாரின் கை ஒரு குட்டியைக் கடலில் விட்டது. அது ஒருமுறை உடலை நெளித்தது, பிறகு காணோம்.

"தான் பால் குடுக்காத சீவன், நமக்குப் பால் ஊற வைக்குதே," என்றார் பிரசவம் பார்க்கும் அக்கா, மெதுவாக.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அம்மையார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையில் பால் ஊறுகிறதா என்று யாரும் இதுவரை சரியாகச் சோதித்ததாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். கூட்டம் படத்தை மறுபடி போடச் சொன்னது. போட்டார்கள்.

சுருள்களைப் பெட்டியில் வைக்கும்போது அம்மையார் கேட்டார்: "அடுத்து லூனாஸ், பிறகு செர்டாங். வருகிறாயா?" வருகிறேன் என்றேன். கிராணி அம்மாவிடம், "பேச்சு பரவால்ல. ஆனா கடலப் பாக்காத பிள்ளதானே," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வாசலைத் தாண்டினோம். பஸ் மாறி, கடலோரத்தில் இருக்கும் கோலா மூடாவில் இறங்கினோம். அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு அலைக்குள் நின்றார். வெளியே வரச் சம்மதிக்கவில்லை. மீன் இறக்கும் இடத்தில் ஒரு பால் சுறா கிடந்தது. மீனவரிடம் கேட்டு அதன்மேல் கை வைத்தேன். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுப்பு. திருப்பித் தடவினால் உப்புத்தாள்.

இதை லூனாஸில் எப்படிச் சொல்வது என்று, திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் பேசிக் காட்டிக்கொண்டே வந்தேன்.