நெடுந்தீவில் சில்லுக்கு வைத்த கல்

கொழும்பில் ஒரு நாளிதழில் பிழைதிருத்துநராக வேலை செய்கிறேன். அடிக்கடி என் மேசைக்கு வருகிற ஒரு வசனம் உண்டு: "நிறுத்துமாறு சைகை காட்டியும் நிறுத்தாமல் சென்றதால் பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொண்டனர்." ஊரும் பெயரும் மாறும், வசனம் மாறாது. அதில் எழுத்துப் பிழை ஒன்றையும் நான் கண்டதில்லை. இதைப் பயணக் கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆகஸ்டில் கிடைத்த நான்கு நாள் விடுப்பில் நான் நெடுந்தீவுக்குப் போனது குதிரைகளைப் பார்க்கத்தான். பார்த்துவிட்டு வந்தது வேறொன்று.

முதலில் வழி. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை ஆறரைக்கு முன் நின்றால் குறிகட்டுவான் பஸ் பிடிக்கலாம். ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். நான் போனபோது கட்டணம் இருநூறு ரூபாய்க்குள் இருந்தது. மண்டைதீவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல் வந்துவிடும், ஆகவே யன்னலோரம் இடம் பிடியுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் இரண்டாகப் பிரியும். வெள்ளை உடுத்திப் பூத்தட்டோடு நிற்பவர்கள் நயினாதீவுக்கு. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு என்று நிற்பவர்கள் நெடுந்தீவுக்கு. கோழிக்கூட்டின் பின்னால் போனால் வழி தவறாது.

கடலில் ஒரு மணித்தியாலம். ஆகஸ்ட் என்றால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம், படகு நம்மைப் புடைத்து எடுத்துவிடும். காலையில் சாப்பிடாமல் போங்கள். நான் இரண்டு றோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனேன், மிச்சத்தை எழுத மாட்டேன்.

மாவலித்துறையில் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களில் சத்தம் போடாமல் ஓரமாக நின்ற செல்வராசா அண்ணையைப் பிடித்தேன். அறுபதை நெருங்கிய ஆள், மாடும் வளர்க்கிறார். தீவு முழுவதும் சுற்றிக்காட்ட நாலாயிரம் ரூபாய் பேசினோம். கோட்டை, அடி பருத்த பழைய பெருக்குமரம், பவளக்கல் வேலிகள், காய்ந்த வெளியில் விலா எலும்பு தெரிய நின்ற குதிரைகள் எல்லாவற்றையும் பார்த்தோம். நான் கவனித்தது, ஒவ்வொரு இடத்திலும் அவர் இறங்கியவுடன் செய்த ஒரு காரியத்தை. கைக்குக் கிடைத்த கல்லொன்றை எடுத்துப் பின்சில்லுக்கு, அதாவது பின்சக்கரத்துக்கு, உருளாதபடி அண்டை கொடுத்தார். மேசைபோல் மட்டமான இடத்திலும் கொடுத்தார்.

"உதேன் அண்ணை? இஞ்சை பள்ளம் ஒண்டும் இல்லையே."

"பிறேக்கை நம்பேலாது தம்பி. உப்புக்காத்து எல்லாத்தையும் திண்டுபோடும். இஞ்சை ஆர் வாகனம் விட்டாலும் கல்லு வைப்பினம். செத்தவீட்டுக்குப் போனாலும் வைச்சிட்டுத்தான் அழப் போவம். கை தன்ரை பாட்டிலை வைச்சிடும்."

மேற்குப் பக்க வெளியில் ஒரு வளைவில் அவர் தானாகவே ஓட்டோவை நிறுத்தினார். வழக்கம்போல் கல் வைத்தார். வீதியோரத்தில் முழங்கால் உயரத்துக்கு வட்டமாகக் கல் அடுக்கியிருந்தது. உள்ளே ஒரு சிறிய சிலுவையும் உருகி வழிந்த மெழுகுதிரிகளும் இருந்தன.

"அன்ரன் எண்டு ஒரு பெடியன். இதிலைதான் சுட்டது," என்றார்.

சில மாதங்களுக்கு முந்திய செய்தி எனக்கு நினைவு வந்தது. அன்ரன் ஓட்டிவந்தது லாண்ட்மாஸ்டர், அதாவது பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம். களவெடுத்த மாட்டை இரவில் ஏற்றிவந்தார், மறித்தபோது நிறுத்தவில்லை, சில்லைக் குறிவைத்துச் சுட்டபோது தவறுதலாக அவர்மேல் பட்டுவிட்டது என்பது பொலிஸ் அறிக்கை. லாண்ட்மாஸ்டரை அங்கேயே விட்டுவிட்டுக் காயப்பட்டவரைப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். கரை சேரமுன் உயிர் போய்விட்டது. நான் பிழைதிருத்திய செய்திதான் அது.

"நீர் பேப்பரிலை வேலை எண்டனீர். என்னெண்டு போட்டனீங்கள்?"

"அவையள் சொன்ன மாதிரித்தான் அண்ணை."

"மாடும் இல்லை, மண்ணும் இல்லை. விடியப் பொலிஸ் திரும்பி வந்து பாக்கேக்கை பெட்டி வெறும் பெட்டி. லாண்ட்மாஸ்டர் சில்லுக்குக் கல்லு வைச்சபடி நிண்டது. ஓடுறவன் இறங்கிக் கல்லு வைப்பானே? அவங்கள் கடல் உப்பெண்டு சொன்னாலும் இஞ்சை ஒருத்தரும் நம்பமாட்டினம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அறிக்கைகளை நிறையப் படித்தவன் நான். அவர் சொன்னதை உடனே நம்பினேன். அந்தக் கல் எங்கே என்று கேட்டேன்.

அவர் வட்டத்தைக் காட்டினார். "காத்துக்கு மெழுகுதிரி நிக்கேல்லை. பொலிஸ் லாண்ட்மாஸ்டரைக் கொண்டுபோன பிறகு கல்லு வீதியிலை கிடந்தது. அண்டைக்குப் பின்னேரம் கொளுத்த வந்த சனம் என்ன கல்லெண்டு தெரியாமல் அதை எடுத்து மறைப்பு வைச்சுது. பிறகு வந்தவையும் ஆளுக்கொரு கல்லு வைச்சினம்."

"அதிலை எது அந்தக் கல்லு?"

"ஆருக்குத் தெரியும்? வழக்கிலையும் அதைத்தான் கேட்டது. கல்லைக் கண்டது ஆர் எண்டு கேட்டால், எல்லாரும் மற்ற ஆள் சொன்னது எண்டுதான் சொல்லுகினம்."

இருந்த ஒரே சாட்சியை அன்பினாலேயே தொலைத்துவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அண்ணை கூட்டிப்போனது அன்ரனின் அக்கா ஜெசிந்தா வீட்டுக்கு. நெடுந்தீவில் உணவகங்களை நம்பிப் போகாதீர்கள். இறங்கியவுடன் ஓட்டோக்காரரிடம் சொன்னால் ஒரு வீட்டில் சமைத்து வைப்பார்கள். சோறு, விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. குசினி வாசலில் நின்று பரிமாறிய ஜெசிந்தா அக்கா நாற்பத்தைந்து வயதிருப்பார், கறுப்புச் சட்டை போட்டிருந்தார். நான் பத்திரிகைக்காரன் என்று அண்ணை சொன்னதும் அகப்பை அப்படியே நின்றது.

"இவருக்கும் மாடு இல்லையெண்டு சொல்லியிருப்பியள், என்ன அண்ணை?"

"ஓம் பிள்ளை. ஊரே சொல்லுறதுதானே."

"மாடு இருந்தது."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அண்டைக்குப் பின்னேரம் கயிறு கேட்டு வந்தவன். நீலக் கயிறு, முனையிலை வலைத்துண்டு முடிஞ்சது. நான்தான் குடுத்தனான். என்னத்துக்கெண்டு கேட்டிருக்கோணும், கேக்கேல்லை. போன மாசம் பால் வாங்க வரேக்கை அந்தக் கயிறு உங்கடை மாட்டுக் கொட்டிலிலை தொங்கினதைக் கண்டனான்."

அண்ணை தட்டைப் பார்த்தபடியே பேசினார். அன்று விடியப் பசுவைக் காணாமல் தேடிப் போயிருக்கிறார். அந்த வளைவில் லாண்ட்மாஸ்டர் நின்றது, பெட்டிக்குள் அவருடைய பசு கட்டிக் கிடந்தது. காலில் இடறியது சில்லுக்கு வைத்த கல். அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். "அவன் செத்தது எனக்கு அப்ப தெரியாது பிள்ளை. தெரிஞ்ச பிறகு எப்பிடி வாய் திறக்கிறது? செத்த பெடியனைக் கள்ளன் எண்டு நான் சொல்லுறதே?"

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. பொலிஸ் திரும்பி வந்தபோது பெட்டி வெறுமையாக இருந்தது இவர் மாட்டை அவிழ்த்ததால். மாட்டை மறைக்க வேண்டுமானால் தான் அங்கே போனதையும் மறைக்க வேண்டும். போனதை மறைத்தால், கல்லைக் கண்ணால் கண்ட ஒரே ஆளும் இல்லை.

"அவன் களவெடுத்தவன்தான்," என்றார் அக்கா. சொல்லும்போது வாய் கோணியது. "அதுக்கு மறியல் இருக்கு, பிடிச்சு அடைச்சிருக்கலாம். சுடச் சொல்லி ஆர் சொன்னது? வியாழக்கிழமை வழக்கு அண்ணை. கல்லைக் கண்டது நீங்கள் ஒருத்தர்தான். மாட்டைச் சொல்லாமல் கல்லைச் சொல்லேலாது."

அண்ணை கை கழுவ எழுந்து போனார். நான் சாப்பிட்டு முடித்தேன், ருசி தெரியவில்லை. எத்தனையோ தரம் அந்த அறிக்கைகளை நம்பாமல் சிரித்திருக்கிறேன். நம்பாமல் இருப்பதும் ஒரு சோம்பல்தான் என்று அன்று பட்டது. பொலிஸ் சொன்னதில் பாதி உண்மை. ஊர் சொன்னதிலும் பாதி உண்மை. முழுவதையும் வைத்திருந்தவள் அந்தப் பெண், அவள் கேட்டதோ தன் தம்பியைக் கள்ளன் என்று சொல்லச் சொல்லி.

அண்ணை என்னை இறங்குதுறைக்குத் திரும்பக் கூட்டிவந்தார். இறங்கியதும் குனிந்து கல் வைத்தார். வைத்த பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஊர் என்னைக் காறித் துப்பும் தம்பி," என்றார். இரண்டரை மணிப் படகு கூவியது. நான் ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய அழைப்பு வந்தது. "சொல்லிப்போட்டன். மாடு, கயிறு, கல்லு எல்லாம்."

"என்ன கேட்டவை?"

"முதல் விசாரணையிலை ஏன் மாடில்லையெண்டு சொன்னனீர் எண்டு கேட்டவை. மாடு இருந்தது எண்டு பொலிஸ் சொன்னதாலை நான் இல்லை எண்டனான் எண்டு சொன்னன். அவங்கள் ஓம் எண்டால் நாங்கள் இல்லை எண்டுதானே சொல்லிப் பழகினனாங்கள்." பிறகு சொன்னார்: "ஜெசி படகிலை என்ரை பக்கத்திலைதான் இருந்து வந்தவள். முழுக்க அழுதவள்."

வழக்கு இன்னும் நடக்கிறது. சுட்டதற்கு முந்திய நிமிடத்தில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாக எழுதவும் மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மாசி, பங்குனியில் போனால் கடல் அமைதியாக இருக்கும். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், தவறவிட்டால் இராத்தங்க வேண்டும். மேற்கு வளைவில் அந்தக் கல்வட்டத்தைக் கண்டால் மெழுகுதிரி கொளுத்துங்கள், ஆனால் கல் எதையும் தொடாதீர்கள். இன்னொன்று: நெடுந்தீவில் எந்த வாகனத்தில் ஏறினாலும், நிறுத்தியவுடன் ஓட்டுநரின் கை எங்கே போகிறது என்று பாருங்கள். நாளை யாராவது உங்களிடம் கேட்டால், கண்ணால் கண்டேன் என்று சொல்ல நீங்களும் இருப்பீர்கள்.